கரும்புத் தோகை கீறிய கண்: மேலூர் வட்டாரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். பொங்கலுக்கு முந்தைய கரும்பு வெட்டின்போது கண்ணில் அடிபட்டு வந்த ஒரு பெண்ணின் கதை இது. அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். அவர் யார், எந்த ஊர் என்று தெரியவைக்கும் விவரங்களை விட்டுவிட்டேன். சுகாதார நிலையச் செவிலியர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், வயலுக்கு ஆள் கூட்டிப் போகிறவர்கள், மருந்துக்கடையில் நிற்கிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். கீறல் பட்ட கண்ணை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

பின்னணி

மேலூரைச் சுற்றிப் பொங்கலுக்கென்றே செங்கரும்பு போடுகிறார்கள். சித்திரை, வைகாசியில் நட்டால் மார்கழிக் கடைசியில் வெட்டுக்கு வரும். இடையில் பலமுறை சோகை, அதாவது காய்ந்த தோகை, உரிக்க வேண்டும். தை பிறப்பதற்கு முந்தைய ஒரு வாரம், பத்து நாள்தான் இந்தப் பயிரின் மொத்த வரும்படியும். பொங்கல் தொகுப்புக்கு அரசு கரும்பு கொள்முதல் செய்யும் ஆண்டுகளில் நெருக்கடி இன்னும் கூடும். அந்த நாட்களில் ஒரு நாள் கூலியை விடுவது யாருக்கும் லேசல்ல. இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் நாங்கள் எடுத்த முடிவுகளில் பாதி இந்தக் கூலியைச் சுற்றியே நின்றன.

கரும்புத் தோகையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ரம்பப் பற்கள் உண்டு. சோகை ஒட்டியிருக்கும் இடத்தில் சுணை என்னும் குத்தும் மெல்லிய முடி இருக்கும். வெட்டுகிறவர் குனிந்து அடியில் கை வைக்கும்போது, பக்கத்துத் தூரின் தோகை சரியாகக் கண் மட்டத்தில் வந்து நிற்கும். முன்னால் போகிறவர் வெட்டிய கரும்பை இழுக்கும்போது அதன் தோகை வளைந்து பின்னால் வருபவர் முகத்தில் அடிக்கும். இந்த நிகழ்வில் நடந்தது இரண்டாவது.

அது எங்கே படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பது கருவிழிப் படலம், நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர் கனம். அதன் மேல்தோல் அதில் பத்தில் ஒரு பங்குதான். அந்தத் தோல் மட்டும் உரிந்தால் சாதாரணமாக ஒன்றிலிருந்து மூன்று நாளில் மூடிக்கொள்ளும், தழும்பும் நிற்காது. ஆனால் மூடும்வரை அது திறந்த வாசல். செடியிலிருந்தும் மண்ணிலிருந்தும் வரும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அந்த நேரம் போதும்.

மதுரைப் பகுதியில் இது வெறும் பயம் அல்ல. 1994 ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை அங்கிருந்த மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 65 விழுக்காட்டினருக்கு அதற்கு முன் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பூஞ்சை. அதிலும் ஃபியூசேரியம் என்ற வகையே அதிகம். பூஞ்சைப் புண் ஆற வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு ஆகும். ஆறினாலும் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று ஊரில் சொல்கிற வெள்ளைத் தழும்பு பலருக்கு மிஞ்சும். அந்த ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம் நம் பக்கத்தில் கரும்பு வெட்டும் நெல் அறுப்பும் நடக்கிற காலமும்கூட.

அடிபட்ட பிற்பகலும் அன்றிரவும்

அவர் நாற்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் கூலித்தொழிலாளி. சர்க்கரை நோய் இல்லை, கண்ணாடி போடுவதில்லை, முன்பு கண்ணில் எந்தச் சிகிச்சையும் இல்லை. பொங்கலுக்குச் சில நாள் முன்பு, பிற்பகல் மூன்று மணி வாக்கில் தோகை வலக்கண்ணில் அடித்தது. உடனே கண்ணீர் கொட்டியது, இமையைத் திறக்க முடியவில்லை. குடத்துத் தண்ணீரை அள்ளி அடித்துக் கழுவினார். அது நல்ல காரியம். அப்புறம் முந்தானையால் அழுத்தித் துடைத்தார், கொஞ்சம் கசக்கவும் செய்தார். மீதி வேலையை ஒரு கண்ணோடு முடித்துவிட்டு வீடு திரும்பினார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எங்களிடம் வந்தபோது கண்ணில் பஞ்சு வைத்துக் கைக்குட்டையால் கட்டியிருந்தார். மருமகள் கூட வந்திருந்தார். என்ன நடந்தது என்று கேட்டபோது தோகை அடித்ததை மட்டும் சொன்னார்.

"கண்ணுல வேற என்னக்கா ஊத்துனீங்க?"

"ஒண்ணும் ஊத்தல சார். பச்சத் தண்ணிதான்."

"நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், வெளக்கெண்ணெய், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. திட்ட மாட்டேன். தெரிஞ்சாத்தான் மருந்து சரியாப் போட முடியும்."

அவர் பேசாமல் இருந்தார். மருமகள்தான் சொன்னார்: "அத்தை, மெடிக்கல்ல வாங்குன சொட்டு மருந்தச் சொல்லுங்க."

சாயங்காலம் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து சாறு விட்டிருக்கிறார்கள். வலி அடங்காததால் இரவு மகன் மருந்துக்கடையில் 'கண் சிவப்புக்கு' என்று கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்திருக்கிறார். இரண்டு தடவை விட்டாயிற்று. மருமகள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த குப்பியைப் படித்தேன். ஆன்டிபயாட்டிக்கோடு டெக்சாமெத்தசோன் கலந்தது, அதாவது ஸ்டீராய்டு.

இந்தக் கேள்வியைப் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்பது என் அனுபவம். 'ஏதாவது போட்டீங்களா' என்றால் எல்லாரும் இல்லை என்பார்கள். வீட்டு வைத்தியத்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, கடை மருந்தைச் சொன்னால் ஏச்சு விழும் என்றும் பயப்படுகிறார்கள். இந்த நிகழ்வில் அந்த ஒரு பதில் கிடைக்காமல் போயிருந்தால் ஸ்டீராய்டு தொடர்ந்து விழுந்திருக்கும்.

மறுநாள் காலை: பார்த்ததும் கண்டதும்

கண்ணைத் தொடுவதற்கு முன் பார்வையைச் சோதித்தோம். சுண்ணாம்போ பூச்சிமருந்தோ பட்டிருந்தால் மட்டும் இந்த வரிசை மாறும். அப்போது பேச்சே கிடையாது, முதலில் நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவ வேண்டும். மற்றபடி பார்வைதான் முதல். இடக்கண் 6/6, அதாவது இயல்பான பார்வை. கீழ் எண் கூடக்கூடப் பார்வை குறைவு என்று பொருள். வலக்கண்ணில் கண்ணீரும் கூச்சமும் இருந்ததால் 6/18 வரைதான் படித்தார்.

பிறகு மரத்துப்போகும் சொட்டு மருந்து ஒரு துளி விட்டோம். அரை நிமிடத்தில் அவர் தானாகவே கண்ணைத் திறந்தார். இதுவே ஒரு தடயம். வலி மேற்பரப்பிலிருந்து வந்தால் இந்தத் துளிக்கு அப்படியே அடங்கும், உள்ளே கோளாறு இருந்தால் அவ்வளவு சுலபமாக அடங்காது. இப்போது நுண்துளைத் தகடு, அதாவது சின்னத் துளை போட்ட அட்டை, வழியாகப் பார்க்கச் சொன்னபோது 6/9 படித்தார். கண்மணி வட்டமாக இருந்தது, வெளிச்சத்துக்குச் சுருங்கியது, கருவிழிப் படலத்துக்குப் பின்னால் நீர் நிற்கும் முன்னறையில் இரத்தமோ சீழோ இல்லை. கண்மணி ஒரு பக்கம் இழுத்துப் பேரிக்காய் வடிவில் இருந்தால் கீறல் ஆழமாகி ஓட்டை விழுந்திருக்கலாம் என்று பொருள். அந்த நிலையில் களிம்பு போடாமல், அழுத்தாமல், கண்ணுக்கு மேல் ஒரு மூடி மட்டும் வைத்து மதுரைக்கு அனுப்பிவிட வேண்டும்.

அடுத்தது சாயம். ஃபுளோரசின் தாள்நுனியை ஒரு துளி உப்புநீரில் நனைத்துக் கீழிமையின் உட்புறம் தொட்டோம். சாயத்தைக் குப்பியில் கரைத்து வைப்பதில்லை. அந்தக் கரைசலில் சூடோமோனாஸ் என்ற கிருமி வளரும், அது கருவிழியைச் சீக்கிரம் அரித்துவிடக்கூடியது. ஒவ்வொருவருக்கும் புதுத் தாள்தான். கண்ணைப் பெரிதாக்கி அடுக்கடுக்காகப் பார்க்க உதவும் பிளவு விளக்கு நுண்ணோக்கி எங்களிடம் கிடையாது. கண்நோக்கியின் நீல வடிகட்டியும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும்தான். அறை விளக்கை அணைத்து நீல ஒளி அடித்தால் தோல் உரிந்த இடம் பச்சையாகப் பளிச்சிடும்.

இரண்டு விதமான கீறல் தெரிந்தது. ஒன்று கண்மணிக்குக் கீழே மூக்குப் பக்கமாகச் சாய்வாக, ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் நீளத்தில். அது தோகை இழுத்த கோடு. மற்றொன்று கருவிழியின் மேல் பகுதியில், மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் நான்கைந்து. தோகை அப்படிக் கீறாது. செங்குத்துக் கோடுகளைப் பார்த்தாலே மேலிமைக்குள் ஏதோ ஒட்டியிருக்கிறது, ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அது உரசுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மேலிமையைத் திருப்பினோம். பழுப்பு நிறத்தில் ஒரு சோகைத் துணுக்கு இருந்தது. ஈரப் பஞ்சுக் குச்சியால் அதை எடுத்து, திரும்பவும் உப்புநீரால் கழுவினோம். இமையைத் திருப்பாமல் மருந்து மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் அந்தத் துணுக்கு நாள் முழுக்கக் கீறிக்கொண்டே இருந்திருக்கும்.

கீறலின் விளிம்பும் அடிப்பகுதியும் தெளிவாக இருந்தன. சாம்பல் நிறமோ வெள்ளைப் புள்ளியோ இல்லை. அதாவது அந்த நேரத்தில் இது கீறல்தான், புண் அல்ல. பச்சைச் சாயம் ஓடையாக வழியவில்லை, எனவே ஓட்டையும் இல்லை.

நோயாளிச் சீட்டில் ஒரு வட்டம் போட்டு, கடிகார முள் கணக்கில் 5 மணித் திசையில் சாய்வுக் கோட்டையும் மேலே செங்குத்துக் கோடுகளையும் வரைந்து, நீளத்தையும் பார்வை அளவையும் எழுதினேன். இந்தப் படம்தான் இரண்டு மாதம் கழித்துப் பெரிதாக உதவியது.

முடிவுகளும் காரணங்களும்

மருத்துவ அலுவலரோடு கலந்து முடிவெடுத்தோம். முதல் முடிவு, கடையில் வாங்கிய சொட்டு மருந்தை நிறுத்துவது. ஸ்டீராய்டு சிவப்பைக் குறைக்கும், வலியையும் குறைக்கும். அதனால்தான் அது மோசம். செடி கீறிய கண்ணில் பூஞ்சை இறங்கியிருந்தால், வெளியே எல்லாம் நன்றாகிவிட்டதுபோல் காட்டிக்கொண்டே உள்ளே அதை வளர்த்துவிடும். இதை அவரிடம் விளக்கியபோது, "அத விட்டதும் எதமா இருந்துச்சே சார்" என்றார். உண்மைதான். அந்த இதத்தைத்தான் நம்பக்கூடாது என்று சொல்லிப் புரியவைக்க, மருந்து எழுதுவதைவிட அதிக நேரம் ஆனது.

இரண்டாவது, குளோராம்பெனிக்கால் 1% களிம்பு, நாளைக்கு மூன்று வேளை. இதற்குப் பின்னால் நல்ல ஆதாரம் இருக்கிறது. நேபாளத்தின் பக்தபூர் மாவட்டத்தில் கிராமத் தொண்டர்களை வைத்து இதே களிம்பைக் கீறல் பட்ட கண்களுக்கு மூன்று நாள் போட வைத்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வில், அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. தாமதமாக வந்தவர்களில் சிலருக்கு வந்தது. மதுரை மருத்துவர்களும் தென்னிந்தியக் கிராமங்களில் இதைச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். 374 கீறல்களில் ஒரு பாதிக்குக் குளோராம்பெனிக்காலோடு பூஞ்சைக் களிம்பும், மறுபாதிக்குக் குளோராம்பெனிக்காலோடு மருந்தில்லாக் களிம்பும் போட்டார்கள். இரண்டு பக்கமும் நன்றாகவே ஆறின. எனவே பூஞ்சை மருந்தை முன்கூட்டியே சேர்க்கவில்லை. ஆனால் நம்மிடம் வந்தவர் அந்த 18 மணி நேர எல்லையில் நின்றார், ஸ்டீராய்டும் விழுந்திருந்தது. அதனால் மூன்று நாள் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிடாமல் தினமும் வரச் சொன்னோம்.

களிம்பு சின்னக் குளிகை வடிவில்தான் வருகிறது. சிலர் அதை விழுங்கும் மாத்திரை என்று எண்ணிவிடுவார்கள். முதல் வேளையை நாங்களே போட்டோம், இரண்டாவதை மருமகளைப் போட வைத்துப் பார்த்தோம்.

கட்டுப் போடவில்லை. அவருக்கு இதில் வருத்தம். கட்டு இல்லாத கண் வைத்தியம் பாதி வைத்தியம்தான் என்ற எண்ணம் ஊரில் இருக்கிறது. கட்டினால் சீக்கிரம் ஆறும் என்பது ஆய்வுகளில் நிரூபணம் ஆகவில்லை. செடி கீறிய கண்ணைக் கட்டி வைத்தால் சூடும் ஈரமும் சேர்ந்து கிருமிக்குத் தோதாகும், கண்ணின் மாற்றத்தையும் மறைத்துவிடும். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போதும் என்றோம்.

மரத்துப்போகும் மருந்தைக் கொடுங்கள் என்று கேட்டார். அதைப் போட்டதும் வலி மாயமாய்ப் போனதை அவர் பார்த்தாரே, கேட்காமல் இருப்பாரா! வீட்டுக்குக் கொடுக்கவில்லை. அடிக்கடி விட்டால் தோல் வளர்வது தடைப்படும், கருவிழியே கரையும் அபாயமும் உண்டு. வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்தோம். முதல் நாள் இரவு வலி இருக்கத்தான் செய்யும், நாளை குறையும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டோம். குறையாமல் கூடினால், பார்வை மங்கினால், கருவிழியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் இரவானாலும் வர வேண்டும் என்பதையும் மருமகளிடம் திருப்பிச் சொல்ல வைத்தோம்.

ஆறிய நாட்கள்

இரண்டாம் நாள் மேல் கோடுகள் மறைந்திருந்தன. சாய்வுக் கீறல் பாதியாகச் சுருங்கியிருந்தது. கூச்சம் குறைந்திருந்தது, வெள்ளைப் புள்ளி இல்லை.

மூன்றாம் நாள் அவர் வந்தது கண்ணைக் காட்ட மட்டுமல்ல, வேலைக்குப் போகலாமா என்று கேட்கவும்தான். வெட்டு உச்சத்தில் இருந்தது. கீறல் ஊசிமுனை அளவுக்கு வந்திருந்தாலும் இன்னும் மூடவில்லை. போகக்கூடாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் எங்களிடம் சொல்லாமல் தோட்டத்துக்குப் போவார், மறுநாள் எங்கள் பக்கமே வரமாட்டார். கண்ணைப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். எனவே அவர் அனுமதியோடு ஆள் கூட்டிப் போகும் பெண்ணிடம் தொலைபேசியில் பேசினோம். "ரோட்டோரத்துல கரும்பு விக்கிற எடத்துல காசு வாங்குறதுக்கு ஒக்கார வைக்கிறேன் சார்" என்றார் அவர். கூலி கொஞ்சம் குறைவு, ஆனால் தோகை இல்லை. தூசிக்கு வெள்ளைக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்தார். என்னைக் கேட்டால், இந்த நிகழ்வில் மருந்துக்கு அடுத்தபடியாகக் கண்ணைக் காத்தது அந்த அம்மாவின் ஏற்பாடுதான்.

நான்காம் நாள் சாயம் எங்குமே ஒட்டவில்லை. பார்வை 6/6. போகிப் புகையிலிருந்து தள்ளி இருங்கள் என்று சொல்லிக் களிம்பை இன்னும் இரண்டு நாள் போடச் சொன்னோம். பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் மறுபடி பார்த்தபோதும் கண் சுத்தமாக இருந்தது. சீட்டை முடித்தோம்.

மாசியில் மறுபடியும்

மாசி மூன்றாம் வாரம், ஒரு நாள் விடிகாலை எழுந்து கண்ணைத் திறந்ததும் அதே வலக்கண்ணில் சுரீரென்று குத்தல், கண்ணீர். பத்து மணிக்குள் தானே அடங்கிவிட்டது. சில நாள் கழித்து மறுபடி அதேபோல. தூக்கத்தில் ஏதோ விழுந்திருக்கும் என்று, கண்ணில் தூசி எடுக்கும் ஒரு பாட்டியிடம் போயிருக்கிறார். பாட்டி நாக்கால் துழாவி ஒரு துரும்பை எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்தப் பாட்டி நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார், காசும் வாங்குவதில்லை. ஆனால் தோல் உரிந்த கருவிழியில் வாயின் கிருமி படுவது பெரிய ஆபத்து. மூன்றாவது முறை வலி வந்தபோதுதான் எங்களிடம் வந்தார்.

பரிசோதித்தபோது மணி பதினொன்று. வலி ஏறக்குறைய அடங்கிவிட்டது. பார்வை 6/9. சாயம் போட்டால் பச்சைக் கீறல் எதுவும் இல்லை. கூர்ந்து பார்த்தபோது ஒரே ஒரு சின்ன இடத்தில் சாயம் ஒட்டாமல் விலகி நின்றது, அங்கே தோல் லேசாக மேடு தட்டியிருக்கிறது என்பது அதன் பொருள். மார்கழியில் போட்ட படத்தை எடுத்தோம். வலக்கண், 5 மணித் திசை. பழைய கீறல் இருந்த அதே இடம்.

இதிலிருந்து இரண்டு சாத்தியங்கள் எழுந்தன. ஒன்று, ஆறிய தோல் மறுபடி உரிவது. தோகை, நகம், காகித விளிம்பு போன்ற கூரிய விளிம்பு கீறிய கண்ணில் இது வாரங்கள், மாதங்கள் கழித்து வரும். மேல்தோல் சில நாளில் மூடிவிடும், ஆனால் அடியில் உள்ள படலத்தைப் பற்றிக்கொள்ளும் பிடிப்பு உருவாக வாரக்கணக்கு, சில சமயம் மாதக்கணக்கு ஆகும். ஈரச் சுவரில் அடித்த சுண்ணாம்பு காய்ந்ததுபோல் தெரிந்தாலும் கை வைத்தால் கையோடு வருகிற மாதிரி. தூக்கத்தில் கண்ணீர் குறைந்து இமை தோலோடு ஒட்டிக்கொள்கிறது. விடிகாலை சட்டென்று திறக்கும்போது அந்தத் தோலும் சேர்ந்து பிய்கிறது. அதனால்தான் எழும் நேரத்தில் வலி, பத்து மணிக்கு ஒன்றுமே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது.

இரண்டாவது, மெதுவாக வளரும் பூஞ்சைப் புண். விடிகாலையில் வந்து போகும் வலி அதன் குணமல்ல, அது நாள்பட நாள்படக் கூடிக்கொண்டே போகும். ஆனாலும் தொடக்கத்தில் ஸ்டீராய்டு விழுந்த கண், இப்போது நாக்கும் பட்ட கண். டார்ச்சும் உருப்பெருக்கியும் வைத்துக்கொண்டு பூஞ்சை இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. முதல் சாத்தியம்தான் என்று எனக்குத் தோன்றினாலும் அன்றே மதுரைக்கு அனுப்பினோம். பழைய படத்தின் நகலையும், எந்தெந்த மருந்து எப்போது விழுந்தது என்ற குறிப்பையும் கையில் கொடுத்தோம். இடையில் எந்தச் சொட்டு மருந்தும் போடவில்லை. புண் இருந்தால் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், முன்பே மருந்து விழுந்திருந்தால் கிருமி கிடைக்காமல் போகலாம்.

மதுரையில், அப்புறம்

பிளவு விளக்கில் கருவிழிக்குள் வெள்ளைப் படிவோ முன்னறையில் அழற்சியோ இல்லை என்று உறுதி செய்தார்கள். பழைய கீறலின் இடத்தில் மேல்தோல் தளர்ந்து சுருக்கமாக இருந்தது. மீண்டும் மீண்டும் உரியும் கருவிழித்தோல் என்று எழுதியிருந்தார்கள். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவு படுக்கும் முன் வழவழப்புக் களிம்பு, குறைந்தது மூன்று மாதம். இதற்கும் அடங்காவிட்டால் காப்பு லென்ஸ் வைப்பது, தளர்ந்த தோலை நீக்குவது என்று அடுத்த படிகள் உண்டு என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவை தேவைப்படவில்லை.

நாங்கள் சொன்னது பழக்கங்களை மட்டும். விழித்ததும் கண்ணைப் படக்கென்று திறக்கக்கூடாது. மூடிய இமைக்குள்ளேயே விழியை மெல்ல அசைத்து, ஒரு துளி சொட்டை இமையோரம் விட்டு, அப்புறம் திறக்க வேண்டும். காலையில் கண்ணைக் கசக்கி முகம் கழுவும் வழக்கத்தை விட வேண்டும். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படாமல் படுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது அவருக்குச் சிரமமாக இருந்தது. பங்குனி, சித்திரை வெக்கையில் ஒற்றை விசிறி உள்ள வீட்டில் அதற்கு வழி கால் பக்கம் மாற்றிப் படுப்பதுதான், அப்படியே செய்தார்.

பங்குனியில் ஒருமுறை லேசாக வலி வந்தது. அதன்பின் இல்லை. ஆடியில் பார்த்தபோது இரு கண்ணும் 6/6, தழும்பு எதுவும் இல்லை. இரவுக் களிம்பை நிறுத்தலாம் என்று மதுரை மருத்துவர் சொல்லியிருந்தார்.

மாறியவையும் மாற வேண்டியவையும்

அவர் இரவில் வந்திருந்தாலும் எங்களிடம் ஆள் இருந்திருக்கும். பிரசவத்துக்காகச் செவிலியர் எந்நேரமும் இருக்கிறார். கண்ணுக்கு இரவில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ஊரில் நினைத்திருந்தார்கள். மருத்துவ அலுவலரின் ஒப்புதலோடு இப்போது குளோராம்பெனிக்கால் களிம்பும் சாயத்தாளும் இரவுப் பணிச் செவிலியரிடம் இருக்கின்றன. செடி கீறிய கண் என்றால் பார்வை சோதித்து, இமையைத் திருப்பிப் பார்த்து, முதல் வேளைக் களிம்பைப் போட்டு, காலையில் என்னிடம் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. வெள்ளைப் புள்ளி, கோணிய கண்மணி, முன்னறையில் இரத்தம், நன்றாக மங்கிய பார்வை, காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் ஆகியோருக்குக் காலைவரை காத்திருப்பது கிடையாது.

நோயாளிச் சீட்டில் இப்போது வட்டம் அச்சடித்தே வருகிறது. கோடு போடுவது மட்டும்தான் எங்கள் வேலை. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். மாசியில் அந்தப் படம் இல்லாதிருந்தால், அதே இடம்தான் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. அவரும் பாட்டியிடமே திரும்பிப் போயிருப்பார்.

ஆறி வீட்டுக்குப் போகிறவரிடம் கொடுக்கும் அறிவுரைச் சீட்டில் இரண்டு வரிகள் சேர்த்தோம்: 'சில வாரம், சில மாதம் கழித்து விடிகாலை எழும்போது அதே கண்ணில் வலி வரலாம். தானே அடங்கினாலும் அன்றே வந்து காட்டுங்கள்.' முன்பு இந்த வரிகள் இல்லை. படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லி, கூட வந்தவரையும் கேட்க வைக்கிறோம்.

பாதுகாப்புக் கண்ணாடி விஷயத்தில் பாதி வெற்றிதான். வெட்டுக்கு ஆள் வைக்கும் தோட்டக்காரர் ஒருவர் தன் செலவில் வெள்ளைக் கண்ணாடிகள் வாங்கிக் கொடுத்தார். பனிக்காலத்து விடியலில் மூச்சு பட்டு மங்குகிறது, வெயில் ஏறினால் வியர்வை வழிகிறது, கழற்றி வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மங்கிய கண்ணாடியோடு அரிவாள் பிடிப்பதும் ஆபத்துதான். பக்கவாட்டில் காற்றுத் துளை உள்ள வகை பரவாயில்லை என்கிறார்கள், வரும் மார்கழிக்கு அதைத்தான் கேட்டிருக்கிறோம். சோகை உரிப்பவருக்கும் வெட்டுபவருக்கும் இடையே ஒரு கரும்பு நீளம் இடைவெளி விடுவதற்குக் காசு தேவையில்லை. அதை ஆள் கூட்டிப் போகும் அந்த அம்மாவே இப்போது தன் ஆட்களிடம் சொல்கிறார்.

தூசி எடுக்கும் பாட்டியையும் போய்ப் பார்த்தேன். நிறுத்தச் சொல்லவில்லை, சொன்னாலும் ஊர் விடாது. செடி கீறிய கண் என்றால் மட்டும் தொடாமல் எங்களிடம் அனுப்புங்கள் என்று கேட்டேன். அவர் அனுப்பி இதுவரை இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரரிடமும் பேசினோம். ஸ்டீராய்டு கலந்த கண் மருந்தைச் சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார். கண் சிவப்புக்கு மருந்து கேட்டு வருபவரிடம் தோகையோ நெல்லோ பட்டதா என்று விசாரித்து, ஆமாம் என்றால் எங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்புகிறார்.